வடச்சட்டியில் ஒரு அமெரிக்கக் கச்சாயம்

"அப்பிச்சி, நம்ம வீட்ல ஸ்கில்லட் இருக்குதா?"

காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்கில் என்றால் எனக்குத் தெரியும். வேலை தெரியாத பிள்ளைகளைக் கூட்டி வந்து ஓவர்லாக் மிஷின் ஓட்டப் பழக்குகிற பயிற்சி. ஸ்கில்லட் என்றால் என்ன என்று தெரியவில்லை.

"அது என்ன அம்முணி?"

போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். கன்னங்கரேலென்று ஒரு இரும்புச் சட்டி. அதன் விளிம்பு வரைக்கும் நிரம்பி நிற்கிற ஒரே ஒரு பிஸ்கட். ஒரு கரண்டி உள்ளே இறங்குகிறது, தூக்கினால் உள்ளிருந்து சாக்லெட் கூழ் மாதிரி வழிகிறது. சாக்லெட் சிப் குக்கியாம். சின்னச் சின்னதாகச் செய்யாமல் சட்டி முழுக்க ஒன்றாகச் செய்து, நடுவில் பூரணம் வைத்து, சூட்டோடு சூடாக எல்லோரும் சேர்ந்து கரண்டி போட்டுச் சாப்பிடுவதாம். அமெரிக்க ஓட்டல்களில் மேலே ஐஸ்கிரீம் ஒரு உருண்டை வைத்துச் சட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்களாம்.

"அட, இது நம்ம வடச்சட்டி!" என்றேன்.

உள்ளிருந்து வீட்டுக்காரம்மா குரல் வந்தது. "அதுக்கு என்னத்துக்கு இங்கிலீசுல ஒரு பேரு?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வாணலி, இருப்புச்சட்டி என்று நீங்கள் சொல்வதை எங்கள் கொங்குப் பக்கம் வடச்சட்டி என்போம். எங்கள் வீட்டில் இருப்பது என் அம்மா அவிநாசித் தேர்க்கடையில் வாங்கியது. வார்ப்பு இரும்பு, தட்டையான அடி, இரண்டு பக்கம் காது. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி அதில்தான் கச்சாயம் சுடுவார்கள். அம்மா போன பிறகு நான்ஸ்டிக் வந்தது, வடச்சட்டி அட்டாலிக்குப் போனது. பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே கிடந்தது. ஏணி வைத்து நான்தான் இறக்கினேன். 72 வயதில் ஏணி ஏறுவது பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுதவில்லை.

சட்டி செம்மண் நிறத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் சுண்டக் காய்ச்சி, நல்லெண்ணெய் தடவி, மறுபடி காய்ச்சி, மறுபடி தடவி, மூன்று தடவை இப்படிச் செய்ததும் பழைய கறுப்பு வந்தது. இரும்புக்கு அப்படி ஒரு குணம். எத்தனை வருடம் தூக்கிப் போட்டாலும் எண்ணெய் காட்டினால் திரும்பி வந்துவிடும்.

இந்தச் சாக்லெட் சிப் குக்கி எனக்குப் புதிதல்ல. ஏறக்குறைய 40 வருடப் பழக்கம். ஆனால் ஒரு தடவைகூடத் தின்றதில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சட்டிக்குத் திரும்புகிறேன்.

நான் உள்ளூர்ப் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். 1980களின் நடுவில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஷிப்பிங் டாக்குமெண்ட் எழுதப் போனேன். அப்போதுதான் ஊர் வெள்ளைப் பனியனிலிருந்து கலர் டீ ஷர்ட்டுக்கும், பிள்ளைகள் துணிக்கும் மாறிக்கொண்டிருந்த நேரம். கோட்டா இருந்த காலம். எந்த நாட்டுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று கணக்கு. அந்தக் கோட்டா 2004ஆம் வருடக் கடைசியோடு முடிந்தது. அதுவரைக்கும் அந்தத் தாள்களோடுதான் என் வாழ்க்கை. பெட்டிகள் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும், நான் காகிதத்தில் அமெரிக்கா வரைக்கும் போய் வருவேன்.

அப்படி ஒரு வருடம் குழந்தைகள் இரவு உடுப்புக்கு ஒரு ஆர்டர் வந்தது. கிறிஸ்துமஸ் சரக்கு. கிறிஸ்துமஸ் டிசம்பரில் என்றாலும் எங்களுக்கு அது ஆனி, ஆடியிலேயே வந்துவிடும். கடலில் ஒரு மாதத்துக்கு மேல் போகவேண்டும், அங்கே கிடங்கு, கடை என்று ஏறவேண்டும். ஆக, வியர்த்து ஒழுகிக்கொண்டு நாங்கள் பனிமனிதன் பிரிண்ட் போடுவோம். அந்த ஆர்டரில் நெஞ்சுப் பக்கம் ஒரு தட்டு, தட்டில் ஒரு பால் டம்ளர், பக்கத்தில் பழுப்பாக ஒரு வட்டம், வட்டத்தில் கறுப்பாகப் புள்ளிகள். பிரிண்டிங் மாஸ்டர் சாம்பிளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க கணக்கரே, இது என்னங்க, கச்சாயத்துல ஈ உக்காந்த மாதிரி இருக்குது?"

எனக்கும் தெரியவில்லை. மெர்ச்சண்டைசர் பையன் பெங்களூரில் படித்தவன், அவன்தான் சொன்னான். கிறிஸ்துமஸ் தாத்தா ராத்திரி வீட்டுக்கு வரும்போது பசியாக இருப்பார் என்று அந்த ஊர்க் குழந்தைகள் பாலும் குக்கியும் எடுத்து வைப்பார்களாம். கிருஷ்ண ஜெயந்திக்கு நாம் வெண்ணெயும் சீடையும் வைப்பது போல என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தப் பழுப்பு நிறம் மூன்று தடவை திரும்பி வந்தது. முதலில் கறுத்துவிட்டது, கருகின குக்கி மாதிரி இருக்கிறது என்றார்கள். அடுத்தது வெளுத்துவிட்டது, வேகாத குக்கி என்றார்கள். மாஸ்டர் நொந்துபோய், "ஒரு தரம் கண்ணுல காட்டச் சொல்லுங்க, தின்னு பாத்துட்டு மிக்ஸ் பண்றேன்" என்றார். யாரும் காட்டவில்லை. நான்காவது தடவை ஒப்புதல் வந்துவிட்டது. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஏறக்குறைய வருடா வருடம் ஏதோ ஒரு ஆர்டரில் அந்த வட்டம் வந்துவிடும்.

சரி, 2025ஆம் வருடத்துக்கு வருகிறேன்.

என் மாப்பிள்ளை ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். அங்கேரிபாளையம் ரோட்டுக்கு உள்ளே ஒரு ஷெட். இருபது மிஷின், பதினெட்டுப் பேர். எக்ஸ்போர்ட் கம்பெனி கட் செய்து கொடுக்கும், இவர் தைத்துச் செக்கிங் முடித்துக் கொடுப்பார், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஜூலை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. கிறிஸ்துமஸ் சரக்குதான், அமெரிக்க ஆர்டர். ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்காக்காரர்கள் நம் சரக்குக்குக் கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டார்கள். அதே மாதம் 27ஆம் தேதி இன்னொரு 25. ஆக 50. ஏற்கெனவே இருந்த வரி அதற்குக் கீழே தனி. நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஐந்து ரூபாய் லாபம் கிடைத்தால் பெரிது என்கிற தொழிலில் 50 ரூபாயை யார் சுமப்பது? அங்கே வாங்குகிறவர் இங்கே எக்ஸ்போர்ட்டரிடம் தள்ளுபடி கேட்டார். எக்ஸ்போர்ட்டர், தைத்தவரை போதும், மிச்சத்தை நிறுத்தி வை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். தைத்ததற்கும் பில் பாஸாகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். அவருக்கும் பேங்க் இருக்கிறது.

மிஷின் நின்றால் நிற்கட்டும், சனிக்கிழமை நிற்காது. எங்கள் ஊரில் வாரச் சம்பளம். பதினெட்டுப் பேரையும் பாதி வேலை கொடுத்து வைத்திருந்தார் மாப்பிள்ளை, அனுப்பினால் திரும்பக் கிடைக்கமாட்டார்கள் என்று. அதற்குள் தீபாவளி போனஸ் வந்து நின்றது. அக்டோபர் 20 தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். போனஸ் இல்லாவிட்டால் ஏறினவர்கள் திரும்பமாட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திருமணமாகிப் பதினான்கு வருடத்தில் முதல் தடவை வாய்விட்டுக் கேட்டார்.

"மாமா, டெபாசிட் மேல லோன் மாதிரி ஒரு நாலு லட்சம் எடுத்துக் குடுத்தீங்கன்னா, தை மாசத்துக்குள்ள திருப்பிருவனுங்க."

நான் "பார்க்கலாங்க மாப்ளே" என்றேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அவருக்கும் தெரியும். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அதன் பிறகு மூன்று வாரம் வாசல்படி மிதிக்கவில்லை. மகள் போன் பண்ணுவாள், அம்மாவிடம் பேசுவாள், அப்பாகிட்ட குடுக்கட்டுமா என்று கேட்கமாட்டாள்.

என் பக்கத்து நியாயமும் ஒன்று உண்டு. 1990களில் என் பெரியப்பா மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவன் கைவிரித்து, என் சம்பளத்திலிருந்து ஆறு வருடம் கட்டினேன். வீட்டுக்காரம்மாவின் நகை போனது அப்போதுதான். அந்த டெபாசிட் அவளுடைய முழங்கால் ஆபரேஷனுக்கு என்று வைத்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். 'பார்க்கலாம்' என்று சொன்னேன்.

இப்போது சட்டி.

பேத்தி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். மைதா, வெண்ணெய், பிரவுன் சுகர், முட்டை, சோடா உப்பு, சாக்லெட் சிப்ஸ், உள்ளே வைக்க ஒரு பாட்டில் சாக்லெட் பேஸ்ட்.

வெண்ணெய்க்குக் கவலை இல்லை. எங்கள் ஜில்லாவில் ஊத்துக்குளி இருக்கும்போது வெண்ணெய்க்கு அலைவதா? பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகிறவர், சனிக்கிழமையே கொண்டுவந்து தந்தார். உப்புப் போடாத வெள்ளை வெண்ணெய். கட்டி வெண்ணெய் மாதிரி இல்லை, இதில் நீர் கொஞ்சம் இருக்கும். உருக்கி, கொதி அடங்கும்வரை விட்டு, லேசாகச் சிவக்கும்போது இறக்கினால் நெய்க்கு முந்தின பக்குவம். அதை ஆறவைத்துத்தான் கலக்கவேண்டும், சூடாக ஊற்றினால் சர்க்கரை கரைந்து மாவு கூழாகிவிடும்.

பிரவுன் சுகர் என்றதும் வீட்டுக்காரம்மா சிரித்தாள். வெள்ளைக்காரன் கரும்புச் சாற்றிலிருந்து பாகுக் கறுப்பையெல்லாம் பிரித்தெடுத்து வெள்ளையாக்குவான், பிறகு அந்தக் கறுப்பையே கொஞ்சம் அளந்து சேர்த்து பிரவுன் சுகர் என்று விற்பான். நமக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. அதைச் சலித்துப் போட்டோம். இதில் ஈரப்பசை உண்டு; குக்கி உள்ளே மெத்தென்று இருப்பதற்கு அதுதான் காரணம். வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் மொறுமொறுவென்று வந்துவிடும்.

முட்டையில்தான் சிக்கல். புரட்டாசி மாதம். "இந்த வீட்டுக்குள்ள ஐப்பசி பொறந்துதான் முட்டை வரும்" என்று வீட்டுக்காரம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். பேத்தி முகம் வாடியது. கடைசியில் மூன்று கரண்டி கெட்டித் தயிர் என்று முடிவானது. நல்லதாகவே போயிற்று. தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்தால் நுரைத்து மாவைத் தூக்கும்.

சாக்லெட் சிப்ஸ் எங்கள் தெருக் கடைகளில் இல்லை. பேக்கரிச் சாமான் கடையில் கட்டியாகத்தான் கிடைத்தது, கறுப்புச் சாக்லெட் ஒரு பாளம். வெயிலில் கொண்டுவருவதற்குள் ஓரம் இளகிவிட்டது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்கே உருகும் என்பார்கள்; நம் ஊர் மதியத்துக்கு அதெல்லாம் தாங்காது. (பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கொக்கோ போட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய் விளைவது இரண்டு மணி நேரத் தொலைவில், சாக்லெட் வருவது எங்கிருந்தோ.) பிரிட்ஜில் வைத்து இறுகினதும் அரிவாள்மனையில் வைத்துக் கொத்தினேன்.

கொத்தும்போது பேத்தி போனில் பார்த்து ஒரு கதை சொன்னாள். நானும் பிறகு தேடிப் படித்தேன். இந்தக் குக்கியைக் கண்டுபிடித்தது ரூத் வேக்ஃபீல்டு என்கிற அம்மையார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்கிற ஊர். அங்கே 1930இல் அவரும் கணவரும் டோல் ஹவுஸ் இன் என்று ஒரு சத்திரம், சாப்பாட்டுக் கடை ஆரம்பித்தார்கள். அவர் நெஸ்லே சாக்லெட் கட்டியை ஐஸ் உடைக்கிற ஊசியால் குத்தித் துண்டாக்கி மாவில் போட்டார். என் அரிவாள்மனைக்கு அக்கா முறை அந்த ஊசி. சாக்லெட் உருகி மாவோடு கலந்துவிடும் என்று நினைத்தார், தவறிப்போய்த் துண்டு துண்டாக நின்றுவிட்டது என்று ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. அது கட்டுக்கதை. அந்த அம்மாள் உணவுக்கலை படித்தவர்; ஐஸ்கிரீமோடு கொடுத்துக்கொண்டிருந்த குக்கிக்குப் பதிலாக வேறு ஒன்று வேண்டும் என்று தேடிச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பொம்பளை யோசித்துச் செய்ததைத் தற்செயல் என்று சொல்வதில் எல்லா ஊரும் ஒன்றுதான். 1938இல் வந்த அவருடைய சமையல் புத்தகப் பதிப்பில் இந்தச் செய்முறை இருக்கிறது. பிறகு நெஸ்லே அதைத் தன் சாக்லெட் உறையிலேயே அச்சடித்தது. அதற்காக அவருக்கு ஒரு டாலரும், ஆயுளுக்கும் சாக்லெட்டும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சத்திரம் 1984 டிசம்பர் 31 அன்று ராத்திரி தீப்பிடித்து எரிந்துபோனது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இங்கே எங்கள் மாஸ்டர் பழுப்பு மையைக் கலக்கி முழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பூரணத்தில் ஒரு சண்டை நடந்தது. பாட்டில் பேஸ்ட் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரம்மா, "ஒப்புட்டுக்கு வைக்கற தேங்காப் பூரணம் வெச்சா ஆகாதாக்கும்" என்றாள். பேத்திக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கணத்தில் தேங்காய் பன் ஞாபகம் வந்தது. பெரிய வட்டமாக, இரண்டு அடுக்கு மாவுக்கு நடுவில் தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்துச் சுட்டு, முக்கோண முக்கோணமாக வெட்டி வைத்திருப்பார்கள். தில்பசந்த் என்றும் சொல்வார்கள். ஷிப்மெண்ட் நாள் ராத்திரிகளில் பேக்கிங் செக்‌ஷனுக்கு ட்ரேயில் டீயும் அதுவும்தான் வரும். கையில் கார்ட்டன் பாக்ஸ் தூசியோடு நின்றுகொண்டே தின்போம். "அம்முணி, நீ செய்யறது அதோட தம்பிதான்" என்றேன். கடைசியில் தேங்காய்ப் பூரணத்தில் உருக்கின சாக்லெட்டைக் கலப்பது என்று ராஜியானார்கள். தாராபுரம் ரோட்டுத் தோப்புத் தேங்காய் இரண்டு. தொட்டியை எறியவேண்டாம், வேலை இருக்கிறது என்று வீட்டுக்காரம்மா எடுத்து வைத்தாள்.

எங்கள் வீட்டில் அவன் கிடையாது. ஆனால் 1980களில் பத்திரிகையில் பார்த்து மணல் கேக் செய்தவள் இவள். பெரிய போசியில் ஆற்று மணலைக் கொட்டி, மேலே பிரிமணை வைத்து, அதன் மேல் கேக் தட்டு. அப்போது நொய்யலில் மணல் இருந்தது. இப்போது ஆற்று மணலுக்கு எங்கே போவது. எம் சாண்டில் கேக் சுட முடியுமா? கல்லுப்பு 2 கிலோ வாங்கினோம். அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர்கள் புண்ணியத்தில் கனமான பெரிய போசி ஒன்று இருந்தது. அதில் உப்பைக் கொட்டி, மூடி, கால் மணி நேரம் காய்ச்சினோம். சூடு பதம் பார்க்க ஒரு சின்ன மூடியில் மைதாவைத் தூவி உள்ளே வைத்தாள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிர் பழுப்பானால் சரி, கறுத்தால் தீயைக் குறை. தெர்மாமீட்டர் எல்லாம் அவ்வளவுதான்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அளவு: எட்டு அங்குலச் சட்டிக்கு மைதா 200 கிராம், உருக்கின வெண்ணெய் 115 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், கெட்டித் தயிர் 3 கரண்டி, சோடா உப்பு அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, கொத்தின சாக்லெட் 150 கிராம். மாவைப் பிசைந்து அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்கவேண்டும், வெண்ணெய் இறுகினால்தான் சுடும்போது ஒரேயடியாகப் பரவாது. சட்டியில் வெண்ணெய் தடவி, பாதி மாவைத் தட்டி, ஓரத்தைக் கொஞ்சம் ஏற்றி, நடுவில் பூரணம். மீதி மாவைப் பால்கவர் மேல் வட்டமாகத் தட்டி மேலே கவிழ்த்து, ஓரத்தை அழுத்தி ஒட்டவேண்டும். ஒப்புட்டுத் தட்டின கை என்பதால் வீட்டுக்காரம்மா இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

இந்த ஏற்பாட்டில் அடியில்தான் சூடு, மேலே நிறம் வராது. முப்பத்தைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேல்பக்கம் வேகாத மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த இரண்டாவது சாம்பிளின் கலர் சரியாக நினைவுக்கு வந்தது. அப்போதுதான் தேங்காய்த் தொட்டி. வாசலில் அவற்றைக் கொளுத்திக் கங்காக்கி, இடுக்கியால் எடுத்துப் போசி மூடியின் மேல் பரப்பினாள். அந்தத் தேங்காய்தான் உள்ளே பூரணம், அதன் தொட்டிதான் மேலே நெருப்பு. பதினைந்து நிமிடம். நான் பொறுக்காமல் நடுவில் ஒரு தடவை மூடியைத் தூக்கி, கொஞ்சம் சாம்பல் ஓரத்தில் விழுந்துவிட்டது. அந்தத் துண்டு எனக்கு என்று அப்போதே தீர்ப்பாகிவிட்டது.

இறக்கினபோது வந்த வாசனையை எப்படி எழுதுவது? நெய் காய்ச்சும்போது வருகிற வாசம், அதோடு கச்சாயப் பாகு வாசம், அதற்கு மேலே ஒரு கசப்பு. தெரு முனை வரைக்கும் போயிருக்கும். உடனே வெட்டக்கூடாது. இரும்பு சூட்டை விடாது. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் இருபது நிமிடம் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும்.

அந்த இருபது நிமிடத்துக்குள் வாசலில் பைக் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. பேத்தியின் மாற்றுத்துணிப் பையை மகள் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உள்ளே வரவில்லை. பைக்கை ஸ்டாண்ட் கூடப் போடாமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பையைக் கேட்டில் மாட்டினார். முகம் இளைத்திருந்தது. நான் திண்ணையில் இருந்தேன். "வாங்க மாப்ளே" என்றேன். "இருக்கட்டுங்க மாமா, புதன்கிழமை ஆயுத பூசைங்க, மிஷின் தொடைக்கற வேலை இருக்குது" என்றார்.

பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஒரே ஒரு ஸ்பூன், வாங்கப்பா." குழந்தை இழுத்தால் யார் வராமல் இருப்பார்கள்.

அடுக்களை மேடையில் சட்டி. அவர் குனிந்து பார்த்தார். பழுப்பு வட்டம், கறுப்புப் புள்ளிகள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பேத்தியின் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"மாமா, இது நம்ம பிரிண்டுங்க!"

நிறுத்தி வைத்த ஆர்டர் என்ன பிரிண்ட் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை. குழந்தைகள் பைஜாமா செட். தட்டு, பால் டம்ளர், குக்கி. ஆறாயிரம் உருப்படி தைத்து முடித்து, பாலிதீன் பையில் போட்டு, ஷெட்டில் சுவரோரமாக அடுக்கியிருக்கிறதாம். தினமும் காலையில் ஷெட்டைத் திறந்தால் அந்தக் குக்கி முகத்தில்தான் முழிக்கிறேன் என்றார். நான் மாஸ்டர் கதையைச் சொன்னேன், கச்சாயத்தில் ஈ. இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

வீட்டுக்காரம்மா கரண்டியை விட்டாள். மேலே மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே சாக்லெட்டும் தேங்காயும் ஆவியோடு வழிந்தது. ஓரம் கச்சாயம் மாதிரி, நடு அல்வா மாதிரி. தட்டு எடுக்கப் போனவளைப் பேத்தி தடுத்தாள், சட்டியிலிருந்தேதான் சாப்பிடவேண்டுமாம். நான்கு பேரும் நான்கு கரண்டியோடு ஒரு வடச்சட்டியைச் சுற்றி நின்றோம். என் பக்கம் சாம்பல். இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், சர்க்கரை நோய்க்காரன் இரண்டு வாயோடு நிறுத்தவேண்டியவன், நான்கு ஆகிவிட்டது. தேங்காய் போட்டது சரி என்று பேத்தியும் ஒப்புக்கொண்டாள்.

"நடுவுல இன்னும் வேகலீங்களே மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"அப்படித்தான்ப்பா இருக்கணும்" என்றாள் பேத்தி.

அவர் சட்டியின் காதைப் பிடித்துப் பார்த்தார், கனம் பார்க்கிற மாதிரி. "அம்மா காலத்துதுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாள். அந்த மூன்று வாரமும் அவள் இந்த விஷயமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; முழங்கால் அவளுடையது, பேசவேண்டியவள் அவள்தான். பார்த்துவிட்டு, "நான் தை முடிஞ்சே ஆபரேசன் பண்ணிக்கறேன். குளுருல கட்டுப் போட்டுட்டுப் படுத்திருக்க முடியாது" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று இல்லாமல், சட்டியைச் சுரண்டிக்கொண்டே.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாப்ளே, நாளைக்குப் பேங்க்குக்குப் போகணும். அந்த டெபாசிட் ரசீது விஷயமா. எனக்கு அந்த பாரமெல்லாம் இப்ப கண்ணு தெரியறதில்ல. கூட வர முடியுங்களா?"

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை ராகு காலம் ஒம்போதுக்கு முடிஞ்சுருங்க மாமா" என்றார். "பத்து மணிக்கு வண்டி எடுத்துட்டு வந்தர்றனுங்க."

பேத்தி அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து அவருடைய கரண்டியில் போட்டாள்.